அக்காவின் கிளினிக் கொப்பி

முதிரைக்குளம் ஆதார வைத்தியசாலையின் கிளினிக் மண்டபத்தில் நான்கு ஒலிபெருக்கிகள் பூட்டப்பட்ட அன்று பணிப்பாளர் ஓர் உரை நிகழ்த்தினார். அதுவரை நோயாளர்களை இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தார்கள். மனிதரை இலக்கமாக நடத்துவது மாண்புக்கு இழுக்கு என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆகவே இனிமேல் ஊர், பெயர், வயது, வந்த காரணம் ஆகிய நான்கையும் மூன்று தரம் தெளிவாக வாசிப்பது என்றும், மூன்றாந்தரமும் எழும்பாதவரின் கொப்பியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவது என்றும் முடிவாகியது.

"இனி இந்த மண்டபத்தில் எவருக்கும் எந்த மறைவும் இருக்காது" என்றார் பணிப்பாளர். கைதட்டினார்கள். அந்த வசனம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறியது.

அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே இருந்த கதிரையில்தான் ஏழாம் வாய்க்கால் வடிவம்மா முதல் நாள் வந்து இருந்தாள். வயது அறுபத்துமூன்று. புருஷன் போய்ப் பதினொரு வருஷம். மூன்று ஏக்கர் வயலையும் ஒரு மகளையும் வீட்டின் பெயரையும் ஒருவரிடமும் கையேந்தாமல் காத்தவள். கதிரை கிடைத்தாலும் முதுகைச் சாய்த்து இருக்கமாட்டாள்.

அவளுக்கு இருபது வருஷமாகச் சேலையின் முன்மடிப்பு, கொய்யகம், ஏழு வரும். ஆவணி மாதம் ஒரு நாள் ஆறுதான் வந்தது. சேலை சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறொன்றை உடுத்தாள். அதிலும் ஆறு. கையும் காலும் மெலிந்துகொண்டு போக, வயிறு மட்டும் தன் பாட்டில் பெருத்தது. வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தாள். வாய்வுக்கு ஓமத்தண்ணீர் கேட்கும். இது கேட்கவில்லை.

அன்று காலை ஸ்கான் எடுத்த இளம் டொக்டர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"இடப்பக்கச் சூலகத்தில ஒரு கட்டி தெரியுது. நல்லதாயும் இருக்கலாம், கூடாததாயும் இருக்கலாம்."

"எது எண்டு எப்ப தெரியும் தம்பி?"

"ரத்தம் சோதிக்கோணும். ஆனா ரத்தத்தை வைச்சு முடிவாச் சொல்ல ஏலாது. முடிவாச் சொல்லுறதெண்டா வெட்டிப் பாக்கோணும். வெட்டுறதெண்டா ரத்த ரிப்போட் வேணும். ரத்தம் வெளி மாவட்டத்துக்குப் போய் வரோணும். ஆறு கிழமை எண்டு சொல்லுவினம்." பிறகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

கிளினிக்கில் பதிவதற்காக வந்து இருந்தபோதுதான் ஒலிபெருக்கி பேசியது. நாலாம் வாய்க்காலைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரையும், வயதையும், அவளுடைய கர்ப்பப்பை எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்பதையும் மூன்று தரம் சொன்னது. வாசலில் கச்சான் கடலை விற்றவன் சுருளைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அந்தப் பெண் எழும்பி நடந்தாள். மண்டபத்திலிருந்த இருநூறு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஆளையாள் பார்ப்பதில்லை என்பது அங்கே இருந்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மரியாதை. அங்கே கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்; அதுவும் ஆஸ்பத்திரி தந்ததல்ல.

வடிவம்மா பதியாமல் எழும்பி வீட்டுக்குப் போனாள்.

காரணம் இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் மகள் யதுர்ஷிகாவுக்குச் சம்பந்தம் பேச, நாயாற்றுப் பக்கமிருந்து வந்து வீதியோரம் வீடு கட்டியிருந்த சிவராசா வீட்டுக்குப் போயிருந்தாள். நல்ல இடம். முன்விறாந்தையில் ஒரு பெண்ணின் படம் மாலையோடு தொங்கியது. "என்ர தங்கச்சி மங்களேஸ்வரி. அந்த வருஷம் போனவ" என்றாள் சிவராசாவின் மனைவி. எந்த வருஷம் என்று வன்னியில் ஒருவரும் கேட்பதில்லை. தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் அவள் மெல்லக் கேட்டாள்:

"குறை நினைக்கக் கூடாது. உங்கட பக்கத்தில பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

"எங்கட பக்கத்தில ஆக்கள் வயசு போய்த்தான் சாகிறவை" என்றாள் வடிவம்மா.

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யை எல்லோரும் எல்லோருக்கும் விட்டுக்கொடுப்பது வழக்கம்.

இனி அவளுடைய பெயரோடு சூலகக் கட்டி என்பதையும் சேர்த்து நான்கு ஒலிபெருக்கிகள் மூன்று தரம் சொன்னால், பின்னேர பஸ்ஸுக்கு முன்னமே செய்தி சிவராசா வீட்டுக்குப் போய்விடும். வேறு பெயர் வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒருவரின் கழுத்தில் இப்படியொரு வருத்தத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? செத்தவருக்குத்தான் இனி ஒன்றும் வராது.

அலுமாரியின் அடித்தட்டில், இடம்பெயர்ந்த காலமெல்லாம் இடுப்பில் கட்டித் திரிந்த பொலித்தீன் பை கிடந்தது. அதற்குள் அக்கா அன்னபாக்கியத்தின் அடையாள அட்டை. பூவரசங்குளத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளையில்லாமல், கடைசிக் காலத்தில் தங்கையோடு வந்து சேர்ந்தவள். யுத்தம் முடிந்த அந்த வருஷம் மாசியில், கடற்கரை மணலில், பங்கருக்கு வெளியே கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது ஷெல் பட்டுப் போனாள். பதினாறு வருஷமாயிற்று. அட்டைப் படத்தில் இருந்த முகம் அக்காவைப் போலவும் இல்லை, வேறு ஒருவரைப் போலவும் இல்லை. அடையாள அட்டைகளின் வசதி அது.

"எனக்காக இதைச் செய் அக்கா" என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் பழக்கம் அவளிடம் இல்லை. அட்டையைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அடுத்த திங்கள் வாசலில் பதிவுத் துண்டு கொடுத்துக்கொண்டு நின்ற காவலாளி வீரையா, "யாருக்குங்கம்மா?" என்று கேட்டான். மலைநாட்டிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறியவன், பேச்சு மாறவில்லை.

"அக்காவுக்கு."

அவன் அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "அக்காவ அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லித் துண்டைக் கொடுத்தான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

பதிவேட்டறையில் எழுதுநர் விஜிதரன் புதுக் கொப்பி ஒன்றில் அன்னபாக்கியம் என்று எழுதி, சீல் குத்தி, அவள் கையில் கொடுத்தான். சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: "பூவரசங்குளம். அன்னபாக்கியம். வயது அறுபத்தேழு. சூலகக் கட்டி, சந்தேகம்." பதினாறு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் பெயரை ஒருவர் உரத்துக் கூப்பிட்டது அன்றுதான். இரண்டாந்தரம் கூப்பிட்டபோதும் வடிவம்மாவால் எழும்ப முடியவில்லை. மூன்றாந்தரம் எழும்பினாள்.

மூன்று குப்பி இரத்தம் எடுத்தார்கள்.

ஆறு கிழமை என்று சொன்னது வெறுமனே வீட்டில் இருந்து கழிக்கும் ஆறு கிழமை அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு திங்களும் வந்து காத்திருப்பு உறுதிப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அறிக்கைக்காக நான் தொடர்ந்தும் காத்திருக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்து வைக்காதவர் காத்திருக்கவில்லை என்று பொருள். அவருடைய அறிக்கை வந்தாலும் திருப்பி அனுப்பப்படும்.

"ஏன் தம்பி, ரிப்போட் வந்தா நீங்க எங்களுக்கு அறிவிக்க ஏலாதோ?" என்று அவள் விஜிதரனிடம் கேட்டாள்.

"அறிவிக்கலாம் அம்மா. ஆனா அறிவிச்சா நீங்க காத்திருந்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?" என்றான் அவன். உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னான்.

கையெழுத்து வைத்தவர்கள் மனத்தைரிய வகுப்புக்கும் இருக்க வேண்டும். மாகாணத்திலிருந்து வந்த ஓர் அம்மையார் அதை நடத்தினார். நல்ல குரல், நல்ல சேலை.

"நோயை விடக் கொடியது நோய் பற்றிய பயம். முடிவு தெரிந்த பிறகுதான் மனிதர்கள் உடைந்துபோகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே முடிவு தெரியாமல் இருக்கும் காலம் ஒரு கொடை. அந்தக் காலத்தை எவ்வளவுக்கு நீட்டலாமோ அவ்வளவுக்கு நீட்டித் தருவதற்கு இந்த வைத்தியசாலை எடுக்கும் முயற்சியை நீங்கள் உணர வேண்டும்" என்றார். பிறகு எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பச்சைப் புல்வெளியை நினைக்கச் சொன்னார். வடிவம்மா கண்ணை மூடவில்லை. வரிசையில் கண்ணை மூடி இருந்த பெண்களின் வயிறுகளைப் பார்த்தாள்.

கொய்யகம் ஐந்தானது.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்த யதுர்ஷிகாவைச் சைக்கிளோடு வாய்க்கால் கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"புதனும் ஞாயிறும் எங்கட தண்ணி முறை. விடிய ஆறு மணிக்கு மதகுப் பலகையைத் தூக்கோணும். பிந்தினா மேல்வயல்காரன் தண்ணியைத் தன்ர பக்கம் திருப்பிப் போடுவான். கேட்டா, மறந்துபோனன் எண்டுவான். சண்டைக்குப் போகாதை. பலகைக்குப் பக்கத்தில போய்ப் பேசாமல் நில். அவனாத் தூக்குவான்."

"ஏனம்மா இப்ப சொல்லுறியள்?"

"தெரிஞ்சிருக்கட்டும்."

வீட்டு உறுதிப் பத்திரம் எந்தத் தட்டில், நகைப்பெட்டியைத் திறக்கும் திறப்பு எந்த மாப்பேணிக்குள், பசு எந்தப் பக்கம் நின்று கறந்தால் உதைக்காது என்பவற்றையும் அந்தக் கிழமைகளில் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தெரிஞ்சிருக்கட்டும். மகள் மூன்றாவது நாளுக்குப் பிறகு காரணம் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் வடிவம்மாவுக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாவது கிழமை அறிக்கை வந்தது.

விஜிதரன் மஞ்சள் உறையைக் கண்ணாடிக்குப் பின்னால் தூக்கிக் காட்டினான். வாயில் சீல் ஒட்டியிருந்தது. "பெற்றுக்கொண்டதாக இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. பிறகு டொக்டரிட்டக் குடுத்துத் திறப்பியுங்கோ."

ஒன்பது கிழமையாகத் தவறாமல் அக்காவின் கையெழுத்தைப் போட்டவள், அந்த உறையைக் கண்டதும் ஐம்பது வருஷப் பழக்கத்தில் வடிவம்மா என்று எழுதிவிட்டாள்.

விஜிதரன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தான். "இது ஆர் வடிவம்மா?"

கண்ணாடியில், அவன் தலைக்கு நேரே, ஆள்மாறாட்டம் செய்வோரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் என்று எழுதி ஒட்டியிருந்தது.

"நான் தங்கச்சி" என்றாள்.

"அப்ப அக்காவைக் கூட்டி வாங்கோ."

"அக்கா இல்லை."

"இல்லையெண்டா?"

"செத்திட்டா."

அவன் திடுக்கிடுவான், அனுதாபம் சொல்லுவான், அல்லது சந்தேகப்படுவான் என்று அவள் நினைத்தாள். விஜிதரன் மேசை லாச்சியைத் திறந்து தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவினான். "காத்திருப்பில் காலமானோர்" என்று தலைப்புப் போட்டு, ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்திருந்தார்கள். லாச்சி நிறைய அதுதான் இருந்தது.

"மரண அத்தாட்சிப் பத்திரத்தோட இதை நிரப்பிக் கொண்டு வாங்கோ. இறந்தவரின்ர ரிப்போட்டை ரத்த உறவுக்குக் குடுக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கெதியாச் செய்யுங்கோ அம்மா. ஆள் உயிரோட இருக்கேக்க கேக்கிறதை விட இந்த வழி சுறுக்கு" என்றான்.

அக்காவுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லை. ஒரு காலத்தில் எடுத்திருக்கலாம். முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருஷம் ஒரு பதிவுக் கந்தோரில் கூப்பிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினால் அன்றைக்கே முடித்துத் தரலாம் என்றார் அங்கே இருந்தவர். வடிவம்மா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். "அவாவுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பத்திரம் இல்லாததால் அரசாங்கத்தின் கணக்கில் அன்னபாக்கியம் உயிரோடுதான் இருந்தாள். வாக்காளர் இடாப்பில் இரண்டு தரம் பெயரும் வந்திருந்தது.

மரணத்தைப் பதிய வேண்டியவன் கிராம அலுவலர், விதானை சஜீவன். நாலு வருஷத்துக்கு முன் மாற்றலாகி வந்த பொடியன். மரியாதையானவன். கதிரையைத் துடைத்துப் போட்டான். வடிவம்மா அவனிடம் உண்மையைச் சொன்னாள். எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் கரை, எப்படி என்று சொன்னாள். இரத்தம் யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சஜீவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசையில் கிடந்த கிளினிக் கொப்பியை விரித்தான்.

"நான் உங்களை நம்புறன் அம்மா. ஆனா என்ர நம்பிக்கையை எழுதுறதுக்குப் படிவத்தில இடமில்லை. இதில பாருங்கோ, அரசாங்கத்தின்ர சீல். உங்கட அக்கா ஒன்பது கிழமைக்கு முன்னம் ரத்தம் குடுத்திருக்கிறா. பதினாறு வருஷத்துக்கு முன்னம் செத்த ஒரு ஆள் எப்பிடி ரத்தம் குடுக்கிறது?"

வடிவம்மா கதிரை நுனிக்கு நகர்ந்தாள்.

"போன திங்கள் வரைக்கும் காத்திருப்புக் கையெழுத்தும் இருக்கு. அப்ப அதுக்குப் பிறகுதான் செத்திருக்கோணும். செவ்வாய் எண்டே போடுவம். இடம், உங்கட வீடு. காரணத்துக்கு வைத்தியசாலைப் பத்திரம் ஒண்டு வேணும். இருக்கிறது இந்தக் கொப்பி ஒண்டுதான்." அவன் அழகான கையெழுத்தில் எழுதினான்: சூலகக் கட்டி, சந்தேகம். "கையெழுத்து வையுங்கோ. உங்கட சொந்தக் கையெழுத்து."

ஒரு காலத்தில் ஒரு பொய்க் காய்ச்சலுக்காகக் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியவள், இந்தத் தரம் இருந்த இடத்திலேயே இருந்து கையெழுத்து வைத்தாள். பேனை ஓடிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

அன்னபாக்கியம் இவ்வாறு இரண்டாந்தரம், செவ்வாய்க்கிழமை, வீட்டில் செத்தாள்.

கிராமத்தில் ஒரு மரணம் பதிந்தால் விதானை மரண உதவிச் சங்கத்துக்குப் பிரதி அனுப்ப வேண்டும். பிரதி கிடைத்தால் சங்கம் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் ஐம்பது கதிரையும் பந்தலுக்கு ஒரு தறப்பாளும் இறக்க வேண்டும். இரண்டும் விதி. அடுத்த நாள் பத்து மணிக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நின்றது. பிரேதம் எங்கே என்று செயலாளர் கேட்டார். இல்லை என்றாள் வடிவம்மா. "பிரேதம் இருக்கோணும் எண்டு எங்கட சங்க யாப்பில விதி இல்லை" என்று சொல்லி அவர் தறப்பாளைக் கட்டுவித்தார். விதானையின் கடிதத்தை வாசல் படலையில் ஒட்டினார். யாப்பின்படி அதில் காரணமும் இருந்தது.

கதிரை இறங்கினால் சனம் வரும். வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்னபாக்கியம் எப்போது, எப்படிப் போனாள் என்று தெரியும். அன்று அந்த மணலில் குழி வெட்டியவரும் வந்து முன்வரிசையில் இருந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிலை போட்டார்கள். போகும்போது அந்தக் குழி வெட்டியவர் மட்டும் கிட்ட வந்து, "இப்பவாவது உன்ர கொக்காவுக்கு ஒரு செத்தவீடு செய்தியே பிள்ளை. நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் சிவராசாவின் மனைவி வந்தாள். படலையில் நின்று கடிதத்தை ஆற அமர வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி இருந்தாள்.

"உங்களுக்கு ஒரு அக்கா இருந்தது தெரியாது" என்றாள்.

"கதைக்கேல்லை."

"சூலகம் எண்டு போட்டிருக்கு."

"சந்தேகம் எண்டும் போட்டிருக்கு" என்றாள் வடிவம்மா.

சிவராசாவின் மனைவி சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தாள். "முப்பத்தொரு நாள் செத்தவீட்டுத் துடக்குக் கழியட்டும். பிறகு பாப்பம்" என்று எழும்பினாள். தேத்தண்ணீரைத் தொடவில்லை. செத்தவீட்டில் அது முறைதான். ஆனாலும் வடிவம்மா அந்தக் கோப்பையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த வார்த்தை சிவராசா வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது என்று இவ்வளவையும் செய்தாளோ, அதை அவளே எழுதுவித்து, கையெழுத்தும் வைத்து, படலையிலும் ஒட்டுவித்திருந்தாள்.

கதிரைகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போன பிறகு யதுர்ஷிகா பெரியம்மாவின் பெயரிட்ட கிளினிக் கொப்பியோடு குசினி வாசலில் நின்றாள்.

"பெரியம்மா போகேக்க எனக்குப் பதினொரு வயசு. நானும் அந்த வரிசையிலதான் நிண்டனான்."

வடிவம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"ஆரின்ர ரத்தம் அம்மா அது?"

யதுர்ஷிகா கிட்ட வந்து, தாயின் சேலையில் முன்பக்கத்தைப் பிடித்து, கொய்யகத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஐந்து. பிறகு மறுபடியும் தொட்டாள், பிழையாக எண்ணியிருக்கலாம் என்பதுபோல.

"நானும் வாறன் திங்கட்கிழமை" என்றாள்.

"நீ பள்ளிக்கூடம் போ. அங்க என்னோட ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்றாள் வடிவம்மா. ஆனால் மகளின் கையைத் தட்டிவிடவில்லை.

அந்தத் திங்கள் வைத்தியசாலையில் காலாண்டு விழா. கிளினிக் ஒரு மணித்தியாலம் நிறுத்தப்பட்டு, பணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"இந்தக் காலாண்டில் நூற்றுப்பன்னிரண்டு தாய்மார் புற்றுநோய்ச் சந்தேகத்துடன் எங்களிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்நோய் இருப்பதாக இன்றுவரை எங்களால் உறுதிப்படுத்தப்படவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். அதேபோல், எங்களிடம் காத்திருந்தவர்களில் எவரும் சிகிச்சையின் போது இறக்கவில்லை. சிலர் அதற்கு முன்னரே காலமானது அவர்களுடைய தனிப்பட்ட துயரம்." மேலிடத்திலிருந்து விருது ஒன்று வந்திருந்தது. அதையும் கண்ணாடிச் சட்டமிட்டு முந்திய சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். சுவரில் ஆணி அடித்த சத்தம் நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

விஜிதரன் மரண அத்தாட்சியைப் பார்த்து, உறையைக் கொடுத்தான். வடிவம்மா அதை டொக்டரின் மேசையில் வைத்தாள். அதே இளம் டொக்டர். சீலைக் கிழித்து, தாளை விரித்து வாசித்தார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை கிழமையாக, வயலிலும் குசினியிலும் பஸ்ஸிலும், இந்த ஒரு கணத்தில் அந்த முகம் எப்படி மாறும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் மாறவில்லை.

"ரத்தம் வழியில பழுதாப் போச்சு எண்டு எழுதியிருக்கினம். சோதிக்க ஏலாமப் போச்சாம். திரும்ப எடுத்து அனுப்பட்டாம்" என்றார். தாளை மடித்தார். "ஆனா நோயாளி காலமானபடியால் இனித் தேவையில்லை." நோயாளர் கோவையில் பெரிய சீல் ஒன்றைக் குத்தினார். முடிவுற்றது. "உங்களுக்கு என்ர அனுதாபம். யோசிக்காதேங்கோ."

வடிவம்மா வெளியே வந்தாள். வாய்க்காலில் தண்ணீர் நின்றதுபோல உள்ளே ஒரு அமைதி. கட்டி நல்லதோ கூடாததோ என்பது ஸ்கான் எடுத்த அன்று எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் இப்போதும் தெரியும். புதிதாக உறுதியானது ஒன்றே ஒன்று: அக்கா எதனால் செத்தாள் என்பது. அதுவும் பொய். அதற்கு அவளுடைய சொந்தக் கையெழுத்து இருந்தது. குடும்பத்தின் பெயரைக் காப்பதற்கென்று புறப்பட்டு, குடும்பத்தில் தன் சாவைத் தவிர வேறொன்றும் விட்டுப்போகாத ஒருத்தியின் சாவைத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

அவள் மண்டபத்தைக் கடந்து வாசலுக்குப் போய், மறுபடியும் வரிசையில் நின்றாள்.

"யாருக்குங்கம்மா?" என்றான் வீரையா.

"எனக்கு."

அவன் அவள் நீட்டிய அட்டையைப் பார்த்தான். படத்தில் இருந்த முகம் அவளைப் போல இல்லை. "சரிங்கம்மா" என்று துண்டைக் கொடுத்தான். "மொதல் தரத்துலயே எந்திரிச்சுடுங்க. கெட்டியாக் கேக்கும்."

கெட்டியாகத்தான் கேட்டது. "ஏழாம் வாய்க்கால். வடிவம்மா. வயது அறுபத்துமூன்று. சூலகக் கட்டி, சந்தேகம்."

இரண்டாந்தரம் சொல்ல முன்னரே அவள் எழும்பிவிட்டாள். முந்தானையைத் தலையில் போடவில்லை. நடு வழியால் நடந்தாள். இருநூறு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். கச்சான்காரன்கூடப் பார்க்கவில்லை. மூன்று குப்பி இரத்தம் எடுத்தார்கள். ஆறு கிழமை என்றார்கள். காத்திருப்பு உறுதிப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

பஞ்சைக் கையில் அமத்தியபடி திரும்பி வந்து வெறுமையாகக் கிடந்த முதல் கதிரையில் இருந்தாள். பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று கண்டாள். சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு, கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி சிவராசாவின் மனைவி இருந்தாள். அவள் வடிவம்மாவைப் பார்க்கவில்லை. வடிவம்மாவும் அவளைப் பார்க்கவில்லை. துடக்கு முடிய இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "நாயாறு. மங்களேஸ்வரி. வயது ஐம்பத்தாறு. சூலகக் கட்டி, சந்தேகம்."

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. மாலை போட்ட அந்தப் படம் வடிவம்மாவின் கண்ணுக்குள் வந்து போனது.

"நாயாறு. மங்களேஸ்வரி."

கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறின.

"எழும்புங்கோ மச்சாள்" என்றாள் வடிவம்மா, சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தபடி. "மூண்டாந்தரம் விட்டா அடுத்த மாசம்தான். கையெழுத்து வைக்கேக்க மட்டும் கவனம்."

சிவராசாவின் மனைவி எழும்பினாள். கைப்பையைக் கதிரையில், வடிவம்மாவின் பொறுப்பில், வைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்தாள். வடிவம்மா தன்னை அறியாமலே அந்தக் கொய்யகத்தை எண்ணினாள்.

மூன்று.